எஜுகேட்டிங் ரீட்டா: படித்தவளின் இழப்புக்கு யார் அழுவது?

மும்பையில் ஒரு மாலைக் கல்லூரியில் பல ஆண்டுகள் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன் நான். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு, ஆறரை மணிக்கு மூச்சிரைக்க வந்து உட்காருகிறவர்கள்தான் என் மாணவர்கள். கூரியர் ஆபீசில் பார்சல் பிரிக்கிறவர், தையல் யூனிட்டில் காஜா எடுக்கிற பெண், மருந்துக்கடைப் பையன், இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான ஒரு ஆயா என்று பலரகம். பாடத்திட்டத்தில் இல்லாத ஒன்றாக, ஒரு சனிக்கிழமை அவர்களுக்கு ‘எஜுகேட்டிங் ரீட்டா’ என்ற ஆங்கிலப் படத்தை விசிடியில் போட்டுக் காட்டினேன். பிறகு இரண்டு வாரம், அந்தப் படத்துக்கு மூலமான நாடகத்தைச் சேர்ந்து படித்தோம்.

கடைசி வகுப்பில், தாராவியிலிருந்து வரும் நம் ஊர்ப் பெண் ஒருத்தி எழுந்து கேட்டாள்: “சார், அந்தப் பொண்ணோட அம்மா ஏன் அழுவுறாங்கன்னு எனக்குப் புரியுது. அந்தப் புரொபசர் எதுக்கு இவ்ளோ வருத்தப்படுறாருன்னுதான் புரியல. அவருக்கு என்ன சார் போச்சு?”

அன்று நான் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். மணியடித்தது, பிள்ளைகள் ரயிலைப் பிடிக்க ஓடிவிட்டார்கள். ஆனால் கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. இந்தக் கட்டுரையை அதற்குக் காலந்தாழ்ந்த பதில் என்று அன்பர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

நாடகம் எழுந்த மண்

‘எஜுகேட்டிங் ரீட்டா’வை எழுதிய வில்லி ரஸ்ஸல் 1947இல் லிவர்பூல் அருகே விஸ்டன் என்ற ஊரில், உழைக்கும் குடும்பத்தில் பிறந்தவர். பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டார். அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நின்றபோது, முடி அலங்கார வேலை பழகலாமே என்று யோசனை சொன்னது அவருடைய தாயார்தான். அந்தத் தொழிலில் சில ஆண்டுகள் இருந்து, சொந்தமாகக் கடையும் வைத்தார். எழுதவேண்டும் என்ற ஆசை உள்ளே அரித்துக்கொண்டே இருக்க, மீண்டும் படிக்கக் கிளம்பினார். கல்லூரிச் செலவுக்காகக் கார் தொழிற்சாலையில், உயரத்து இரும்பு உத்திரங்களில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கும் வேலையும் பார்த்தார். பிறகு ஆசிரியர் பயிற்சி பெற்று, நாடகத்துக்கு வந்தார். ஆகவே, ரீட்டா என்ற முடி அலங்காரக்காரி அவருக்குக் கற்பனையில் வந்தவள் மட்டுமில்லை. ஏறக்குறைய அவரே சேலை கட்டி வந்ததுபோலத்தான். அட, லிவர்பூலில் சேலை ஏது, பாவாடை என்று வைத்துக்கொள்வோம்!

ஒருவர் பதினைந்து வயதில் படிப்பை விட்டதை அவருடைய சோம்பலாக எண்ணிவிடக் கூடாது. 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பிறகு பிரிட்டனின் பெரும்பகுதியில் பிள்ளைகளைப் பதினோரு வயதிலேயே தேர்வு வைத்துத் தரம் பிரித்தார்கள். தேறியவர்கள் பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் ‘கிராமர்’ பள்ளிக்குப் போனார்கள். தேறாதவர்கள் போன பள்ளி அவர்களைப் பெரும்பாலும் வேலைக்கே அனுப்பியது. உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளில் மிகப் பலர் இரண்டாவது வரிசையில்தான் நின்றார்கள். பதினோரு வயதில் விழுந்த முத்திரை வாழ்நாளெல்லாம் கூட வரும்.

அந்த முத்திரையை அழிக்க ஒரு இரண்டாவது வாய்ப்பாகத்தான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தது. ‘வான்வழிப் பல்கலைக்கழகம்’ என்ற எண்ணத்தை ஹெரால்ட் வில்சன் 1963இல் பேசினார். அவர் பிரதமரான பிறகு அதை விடாப்பிடியாக நின்று நடத்திக்காட்டியவர் ஜெனி லீ என்ற அமைச்சர். சுரங்கத் தொழிலாளியின் மகள். 1969இல் சாசனம் கிடைத்தது. 1971 ஜனவரியில் முதல் அணி மாணவர்கள் படிக்கத் தொடங்கினார்கள். சேர எந்த முன்தகுதியும் வேண்டாம். பாடம் தபாலில் வரும். பிபிசி வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஒளிபரப்பாகும். ஒரு ஆசிரியரை அவ்வப்போது நேரில் பார்க்கலாம். கோடையில் முகாம் உண்டு. ரீட்டா வந்து கதவைத் தட்டுவது இந்த ஏற்பாட்டின்படிதான்.

ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி கேட்டுக்கொண்டதால் எழுதப்பட்ட இந்நாடகம், 1980இல் லண்டன் வேர்ஹவுஸ் அரங்கில் மேடையேறியது. ரீட்டாவாக ஜூலி வால்ட்டர்ஸ், பேராசிரியர் ஃபிராங்காக மார்க் கிங்ஸ்டன். 1983இல் லூயிஸ் கில்பர்ட் இயக்கத்தில் படமாகியபோது ஃபிராங்காக நடித்தவர் மைக்கேல் கெய்ன்.

இரண்டு பேர், ஒரு அறை

நாடகத்தில் பாத்திரங்கள் இரண்டே பேர்தான். இடமும் ஒரே இடம்: வட இங்கிலாந்தின் ஒரு பழைய பல்கலைக்கழகத்தில் ஃபிராங்கின் அறை. சுவரெல்லாம் புத்தகம், புத்தகத்துக்குப் பின்னால் விஸ்கி பாட்டில். ஃபிராங்க் ஐம்பதைத் தாண்டியவர். ஒருகாலத்தில் கவிதை எழுதியவர். மனைவியை விட்டுப் பிரிந்தவர். குடிச்செலவுக்குக் காசு வேண்டுமே என்றுதான் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்து மாணவர்களுக்குப் பாடம் சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறார்.

ரீட்டா உள்ளே வருவதற்கே கதவோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. கைப்பிடி சரியில்லை. வந்ததும் வராததுமாக, அதைச் சரி பண்ணக்கூடாதா என்று அந்தப் பெரிய மனிதரையே கடிந்துகொள்கிறாள். அடுத்த வகுப்புக்கு வரும்போது கையோடு எண்ணெய் கொண்டுவந்து தானே அதற்குப் போடுகிறாள். எத்தனை காலமாக அந்தக் கதவு அப்படி இருந்ததோ! உள்ளே இருப்பவருக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. வெளியிலிருந்து வருகிறவளுக்குத்தான் கதவின் கடுமை தெரிகிறது. பல்கலைக்கழகத்தின் கதவு உழைக்கும் மக்களுக்கு இறுகிக் கிடக்கிறது என்பதைப் பக்கம் பக்கமாக வசனம் எழுதிச் சொல்லியிருக்கலாம். ரஸ்ஸல் ஒரு எண்ணெய்ப் புட்டியால் சொல்லிவிட்டுப் போகிறார்.

ரீட்டாவுக்கு 26 வயது. கணவன் டென்னி குழந்தை வேண்டும் என்கிறான். அவளோ அவனுக்குத் தெரியாமல் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறாள். பிள்ளை பெறுவதற்கு முன்னால் தான் யார் என்று தெரிந்துகொள்ளவேண்டும் என்பது அவள் கட்சி. டென்னிக்கு விஷயம் தெரிந்ததும் அவளுடைய புத்தகங்களையும் கட்டுரைகளையும் தீயில் போடுகிறான். படிப்பை விடு, இல்லையென்றால் வீட்டை விடு என்கிறான். அவள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறாள்.

இதில் டென்னியைக் கொடியவனாக ரீட்டாவே சித்திரிக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அவனுக்கும் பயம். தெரிந்த பெண் கண்ணெதிரே தெரியாதவளாக மாறிக்கொண்டிருக்கிறாள். நமக்கு ஏற்கனவே எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கும் உரிமை இருக்கிறதே என்பது அவன் எண்ணம். எந்தக் கால்பந்து அணி, எந்தச் சலவைத்தூள் என்பதுதான் அவன் அறிந்த தேர்வு. அதைவிடப் பெரிய ஒரு தேர்வு இருக்கிறது என்று இவளுக்கு மட்டும் எப்படியோ தோன்றிவிட்டது.

ஜன்னலுக்கு வெளியே ஒருத்தி, பப்புக்குள் ஒருத்தி

நாடகத்தின் உயிரான பகுதி மேடையில் நடப்பதில்லை. ரீட்டாவின் வாய்மொழியாகத்தான் வருகிறது. ஃபிராங்க் அவளைத் தம் வீட்டு விருந்துக்கு அழைக்கிறார். அவள் உடுத்திக்கொண்டு, ஒயின் பாட்டிலும் வாங்கிக்கொண்டு போகிறாள். ஆனால் ஜன்னல் வழியே உள்ளே இருப்பவர்களைப் பார்த்ததும் கால் நகரவில்லை. உடுப்பு சரியில்லை, வாங்கிய ஒயின் சரியில்லை, என்ன பேசுவது என்றும் தெரியவில்லை. சீட்டு எழுதிவைத்துவிட்டுத் திரும்பிவிடுகிறாள்.

திரும்பி எங்கே போகிறாள்? கணவனும் பெற்றோரும் இருக்கும் பப்புக்கு. அங்கே எல்லோரும் சேர்ந்து பாடிக்கொண்டிருக்கிறார்கள். இவளும் சேர்ந்து பாட முயல்கிறாள். அந்த நேரத்தில் அம்மா பாட்டை நிறுத்திவிட்டு அழுகிறாள். ஏன் என்று கேட்டால், பாடுவதற்கு இதைவிட நல்ல பாட்டு இருக்கவேண்டுமே என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொல்கிறாள். அவ்வளவுதான். மற்றவர்கள் சிரித்துப் பேசிச் சமாளித்துவிடுகிறார்கள். ரீட்டாவுக்கு அந்த வார்த்தை உள்ளே இறங்கிவிடுகிறது. தான் எதற்காகப் படிக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கே விளங்குகிறது.

என் மாணவிக்குப் புரிந்த அழுகை இதுதான். அவளுக்கு இதை விளக்கச் சொல்லவேண்டியதே இருக்கவில்லை.

பழைய வீட்டாரோடு பேச முடியவில்லை. புதிய வீட்டாரோடும் பேச முடியவில்லை. இந்த இரண்டுங்கெட்டான் நிலையைப் பற்றி ஆங்கிலத்தில் ஆழமாக எழுதியவர் ரிச்சர்ட் ஹாகர்ட். லீட்ஸ் நகரின் ஏழைப் பகுதியில் வளர்ந்த அவர், ஹல் பல்கலைக்கழகத்தில் முதியோர் வகுப்பு ஆசிரியராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். 1957இல் வந்த அவருடைய ‘தி யூசஸ் ஆஃப் லிட்டரசி’ நூலில், உதவித்தொகையில் படிக்கும் உழைக்கும் வர்க்கத்துப் பையனைப் பற்றி ஒரு பகுதி வருகிறது. எல்லோரும் புழங்கும் ஒரே அறையின் மேசையில், ரேடியோச் சத்தத்துக்கும் பேச்சுக்கும் நடுவே அவன் வீட்டுப்பாடம் செய்கிறான். படிக்கவேண்டும் என்றால் அந்த வீட்டாரிடமிருந்து மனத்தைத் துண்டித்துக்கொள்ள வேண்டும். அப்படித் துண்டித்துப் பழகியவனுக்குப் பிறகு எங்கேயும் ஒட்டமுடிவதில்லை என்கிறார் ஹாகர்ட். பத்துக்குப் பத்து அறையில் ஆறேழு பேராக வாழ்ந்து படித்த மும்பைத் தமிழருக்கு அந்தப் பக்கங்களை யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஹாகர்ட்டின் பையனுக்கும் ரீட்டாவுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. அவன் பதினோரு வயதில் பொறுக்கி எடுக்கப்பட்டவன். கேட்காமலே வந்தது படிப்பு. ரீட்டா 26 வயதில், விலை என்ன என்று தெரிந்தே வாங்குகிறவள். முதியோர் கல்வியின் தனித்தன்மை இங்கேதான் இருக்கிறது என்பது என் துணிபு. சிறுவனிடம் இழப்பதற்கு ஒரு வாழ்க்கை இன்னும் உருவாகியிருக்காது. வயது வந்தவர் ஏற்கனவே கட்டியிருக்கும் ஒரு வீட்டிலிருந்து கல்லைப் பிடுங்கித்தான் இன்னொரு வீட்டைக் கட்டவேண்டியிருக்கிறது.

பேராசிரியருக்கு என்ன போச்சு?

இனி ஃபிராங்குக்கு வருவோம். ரீட்டா முதன்முறையாக ‘மெக்பெத்’ நாடகத்தை அரங்கில் பார்த்துவிட்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடையை விட்டு ஓடிவந்து அவரிடம் அந்தப் பரவசத்தைக் கொட்டுகிறாள். பிறகு அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறாள். அதைப் படித்துவிட்டு அவர் திணறுகிறார். மனசிலிருந்து வந்த எழுத்து. ஆனால் தேர்வில் மதிப்பெண் வாங்காது. இதைத் தேர்வுக்கு ஏற்றதாக மாற்றவேண்டுமென்றால் அவளையே மாற்றவேண்டும், அதற்குத் தமக்கு மனமில்லை என்கிறார். அவளோ, மாற்றத்தானே வந்திருக்கிறேன், திரும்ப எழுதுகிறேன் என்கிறாள்.

மேலோட்டமாகப் பார்த்தால் இங்கே ஃபிராங்க் நல்லவராகத் தெரிகிறார். கள்ளமில்லாத ஒரு மனத்தைப் பல்கலைக்கழக இயந்திரத்தில் போட்டு அரைக்க விரும்பாத கவிஞர் உள்ளம்! நானும் இளவயதில் அப்படித்தான் படித்தேன். என் மாணவியின் கேள்விக்குப் பிறகு திரும்பப் படித்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. ஃபிராங்க் எதைக் காப்பாற்றப் பார்க்கிறார்? ரீட்டாவின் வெகுளித்தனத்தை. அந்த வெகுளித்தனம் யாருக்கு இன்பம் தருகிறது? அவருக்கு. வாரம் ஒருமுறை அந்த அறைக்குள் வீசும் புதிய காற்று அவள். காற்றாக இருப்பது அவளுக்குப் போதாது.

கோடை முகாமுக்குப் போய்த் திரும்பும் ரீட்டா வேறு ஆளாக வருகிறாள். ஃபிராங்க் அவளுக்காகச் சேமித்துவைத்திருந்த வில்லியம் பிளேக்கின் கவிதைகளை அவள் அங்கேயே படித்து முடித்துவிட்டாள். புதிய தோழி டிரிஷ் பேசுவதுபோலத் தன் உச்சரிப்பை மாற்றிப் பார்க்கிறாள். ஃபிராங்கின் கவிதைகளைப் படித்துவிட்டு, படித்தவர்கள் பாராட்டுவதுபோலவே பாராட்டுகிறாள். அவருக்குத் தாங்கவில்லை. தம்மை மேரி ஷெல்லி என்று கூப்பிடச் சொல்கிறார். அதாவது, ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ கதையில் வரும் பூதத்தைப்போல ஒன்றைத் தாம் உண்டாக்கிவிட்டாராம். கவிதைகளைக் கிழித்துப் போடுகிறார். உனக்குக் கிடைத்தது உயர்ந்த பாட்டில்லை, வேறு ஒரு பாட்டு மட்டுமே என்றும் குத்துகிறார்.

பப்பில் அம்மா சொன்ன வார்த்தையையே எடுத்து மகளின் முகத்தில் எறிகிறார் என்பதைக் கவனிக்கவேண்டும். அம்மாவுக்கு வேறு பாட்டே வாய்த்ததில்லை, அதனால் அழுதாள். இவருக்கோ எல்லாப் பாட்டும் தெரியும். தெரிந்து அலுத்துப்போய், பாட்டில் ஒன்றுமில்லை என்று பசித்தவளிடம் சொல்கிறார். வயிறு நிறைந்தவன் விரதத்தின் பெருமை பேசுவது மாதிரிதான் இது. அவர் சொல்வதில் உண்மை இருக்கலாம். அதைச் சொல்லும் உரிமைதான் அவருக்கு இல்லை.

அவருக்கு என்ன போச்சு? ரசிப்பதற்கு ஒரு ‘அசல்’ மனுஷி போய்விட்டாள். நாட்டுப்புறத்தான் நாட்டுப்புறத்தானாகவே இருக்கவேண்டும் என்று விரும்புகிற படித்த மனிதரின் துக்கம் இது. மகாராஷ்டிரம் ஆனாலும் சரி, லிவர்பூல் ஆனாலும் சரி, இந்த ரகத்தாருக்குப் பஞ்சமில்லை. “நீ உன் இயல்பை விட்டுடாதேம்மா” என்று என் மாணவர்களிடம் நானே எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்! என் பிள்ளைகளிடம் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. அவர்களை நல்ல ஆங்கிலம் பேசத்தான் சொன்னேன்.

எலைசா, பீட்டி, ரீட்டா

இந்நாடகத்தைப் பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மேலியன்’ வரிசையில் வைத்துப் பேசுவது விமர்சகர் வழக்கம். 1913இல் வியன்னாவில் முதலில் மேடையேறிய அந்நாடகத்தில், ஹிக்கின்ஸ் என்ற ஒலியியல் அறிஞர் பூக்காரி எலைசாவின் உச்சரிப்பை மாற்றிச் சீமாட்டியாக நடமாடவைக்கிறார். எலைசாவும் பூக்கடையில் வேலை கிடைக்கும் என்று தானே காசோடு வந்து பாடம் கேட்டவள்தான். ஆனால் கடையில் விற்கும் பேச்சுத்தான் அவள் கேட்டது. சீமாட்டியாக ஆக்கிக்காட்டுகிறேன் என்பது ஹிக்கின்ஸ் போட்ட பந்தயம். பந்தயம் முடிந்ததும், இனி நான் என்ன ஆவேன் என்று அவள் கேட்கவேண்டி வருகிறது. ரீட்டா பந்தயப் பொருளில்லை. ஃபிராங்க் மறுத்தபோதும் பிடிவாதமாகப் படித்தவள். தாம் அவளை உண்டாக்கியதாக அவர் நினைத்துக்கொள்வது ஹிக்கின்ஸின் மிச்சம். நாடகம் அந்த எண்ணத்தைப் பகிர்ந்துகொள்ளவில்லை.

இன்னொரு நாடகத்தோடு ஒப்பிடுவது இதைவிடப் பொருத்தம் என்பேன்: ஆர்னால்ட் வெஸ்கரின் ‘ரூட்ஸ்’ (1959). நார்ஃபோக் பகுதிப் பண்ணைத் தொழிலாளி வீட்டுப் பெண் பீட்டி பிரயன்ட், லண்டனில் காதலன் ரானியிடம் கேட்ட கருத்துகளையெல்லாம் ஊருக்கு வந்து குடும்பத்தாரிடம் ஒப்பிக்கிறாள். எல்லோரும் ரானி வரப்போகிறான் என்று காத்திருக்க, அவனிடமிருந்து உறவை முறிக்கும் கடிதம்தான் வருகிறது. அந்த அதிர்ச்சியில் அவள் வெடித்துப் பேசும்போது, முதன்முறையாகத் தன் சொந்தச் சொல்லில் பேசிக்கொண்டிருப்பதை உணர்கிறாள். குடும்பத்தாரோ அதைக் கண்டுகொள்ளாமல் சாப்பாட்டைத் தொடர்கிறார்கள்.

இரவல் குரலிலிருந்து சொந்தக் குரலுக்கு வருவது ரீட்டாவின் பாதையும்தான். அவளுடைய பெயரே அதற்குச் சாட்சி. விண்ணப்பத்தில் இருப்பது சூசன். ‘ரூபிஃப்ரூட் ஜங்கிள்’ நாவல் எழுதிய ரீட்டா மே பிரௌனின் மீதுள்ள மோகத்தில், ரீட்டா என்று தனக்குத்தானே பெயர் வைத்துக்கொண்டாள். படித்த பிறகு அந்த மோகம் அவளுக்கே கூச்சமாகப் படுகிறது. சூசன் என்றே இருக்கட்டும் என்று திரும்பிவிடுகிறாள். ஃபிராங்குக்கு மட்டும் அவள் கடைசிவரை ரீட்டாதான். திரும்பி வந்த சூசன் பழைய சூசன் இல்லை. முதலில் அது பெற்றோர் வைத்த பெயர். இப்போது அவளே எடுத்துக்கொண்ட பெயர்.

நாடகத்தின் குறைகள்

இத்தனை சொன்ன பிறகு குறைகளையும் சொல்லிவிடுவது நியாயம். மேடையில் டென்னிக்குக் குரல் இல்லை. அம்மாவுக்கும் இல்லை. அவர்களைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் ரீட்டா சொல்லித்தான். அவளோ, தன் மக்களுக்குப் பண்பாடு என்று ஒன்று இருப்பதாகவே ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறாள். துறைமுகத் தொழிற்சங்கங்களும், பீட்டில்ஸும், எவரிமேன் என்ற மக்கள் அரங்கும் இருந்த ஊர் லிவர்பூல். ரஸ்ஸலின் ‘ஜான், பால், ஜார்ஜ், ரிங்கோ... அண்ட் பெர்ட்’ நாடகமே 1974இல் அந்த எவரிமேனில்தான் அரங்கேறியது. அந்த லிவர்பூலுக்கு இந்த அறையில் இடமில்லை. படத்தில் டென்னியும் பப்பும் கண்ணுக்குத் தெரிகிறார்கள் என்றாலும், அவர்கள் பக்கத்து நியாயம் அங்கேயும் அதிகம் பேசப்படவில்லை.

படித்தவர் உலகத்தை மட்டும் ரஸ்ஸல் சும்மா விடவில்லை. கவிதையும் இசையும் கரைத்துக் குடித்தவளாகத் தெரிந்த டிரிஷ், ஒருநாள் உயிரை மாய்த்துக்கொள்ள முயல்கிறாள். இலக்கியம் வாழ்க்கையை நிரப்பிவிடும் என்ற ரீட்டாவின் நம்பிக்கை அங்கே ஆட்டம் காண்கிறது. நாடகம் அவளை ஒரு வர்க்கத்திலிருந்து இன்னொரு வர்க்கத்துக்கு ஏற்றிவிட்டுக் கை தட்டுவதில்லை.

ஒரு கேள்விக்கு இரண்டு விடை

தொடக்கத்தில் ஃபிராங்க் அவளுக்கு ஒரு கட்டுரைத் தலைப்பு கொடுத்திருந்தார். இப்சனின் ‘பியர் ஜின்ட்’ நாடகத்தை மேடையேற்றுவதில் உள்ள சிக்கல்களை எப்படித் தீர்ப்பது? கடை வேலைக்கு நடுவில் அவள் எழுதிய விடை ஒரே வரிதான்: ரேடியோவில் போட்டுவிடலாம் என்று. வகுப்பில் இதைப் படித்தபோது என் மாணவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். யோசித்தால் அதில் பிழையும் இல்லை.

கடைசியில் இறுதித் தேர்விலும் அதே பொருளில் கேள்வி வருகிறது. அந்த ஒரு வரியை எழுதிவிட்டு எழுந்து வரலாமா என்று அவளுக்குத் தோன்றுகிறது. அப்படி எழுதியிருந்தால் ஃபிராங்கின் மனம் குளிர்ந்திருக்கும். அவள் முழு விடை எழுதித் தேர்ச்சி பெறுகிறாள். இரண்டில் எதையும் எழுதியிருக்க முடியும், தேர்ந்தெடுத்தது நான்தான், அந்தத் தேர்வை எனக்குக் கொடுத்தது நீங்கள்தான் என்ற கருத்தில் அவரிடமே வந்து சொல்கிறாள். முதலில் அந்த ஒரு வரியைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் தெரியாது. இப்போது அதுவும் தெரியும், மற்றதும் தெரியும். அடுத்து என்ன செய்வது என்று அவள் முடிவு செய்யவில்லை. பிரான்சுக்குப் போகலாம், அம்மா வீட்டுக்குப் போகலாம், குழந்தை பெறலாம். நிர்வாகம் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிவைக்கும் ஃபிராங்கோடும் போகலாம். சலவைத்தூளுக்கு மேலே ஒரு தேர்வு இருக்கிறது என்று அவள் முதலில் நினைத்தாளே, அது இதுதான்.

முடிவில் அவரை நாற்காலியில் உட்காரவைத்து முடி வெட்டுகிறாள். படிப்பு வந்ததால் கைத்தொழில் மறந்துவிடவில்லை. அவர் அவளுக்குச் செய்ததற்கு, அவளுக்குத் தெரிந்த வேலையால் பதில் மரியாதை செய்கிறாள்.

நம் பக்கம்

பிரிட்டனின் முன்மாதிரியை ஒட்டி இங்கேயும் வாசல்கள் திறந்தன. 1982இல் ஹைதராபாத்தில் ஆந்திரப் பிரதேச திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தது. பின்னர் அதற்கு அம்பேத்கர் பெயர் சூட்டப்பட்டது. 1985இல் இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் வந்தன. நம் சங்கத்து அன்பர்களிலேயே வேலைக்கு நடுவில் இப்படிப் பட்டம் வாங்கியவர்கள் எத்தனை பேர்! ஆனால் திறந்த கதவு திறந்தே இருக்கும் என்று சொல்வதற்கில்லை. இங்கிலாந்தில் 2012இல் கட்டணம் பெருமளவு உயர்ந்தபிறகு, பகுதிநேரமாகப் படிக்கும் வயதுவந்த மாணவர்களின் எண்ணிக்கை வெகுவாகச் சரிந்தது. அந்தக் கைப்பிடி மறுபடியும் இறுகியிருக்கிறது.

ரீட்டாவின் பேச்சைத் தமிழில் கொண்டுவந்தால் எந்தத் தமிழில் என்று நாங்கள் வகுப்பில் ஒருநாள் பேசிக்கொண்டோம். லிவர்பூலில் வாயைத் திறந்தால் வர்க்கம் தெரிந்துவிடும். நம்மிடம் வாயைத் திறந்தால் ஊர் தெரியும், சாதியையும் ஊகிப்பார்கள். சென்னைத் தமிழில் பேசவைத்தால் சபா நாடகத்து நகைச்சுவையாகப் போய்விடும் என்றார் ஒருவர். அந்தத் தாராவிப் பெண் சொன்னாள்: “எங்க அம்மா பேசற திருநெல்வேலித் தமிழ்ல ஆரம்பிக்கட்டும் சார். கடைசியில ரெண்டு தமிழும் பேசட்டும். யார் வீட்ல இருக்காளோ அதுக்குத் தக்க.”

அவள் பட்டம் வாங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஒருமுறை மாட்டுங்கா ஸ்டேஷனில் பார்த்தேன். ஏதோ அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருப்பதாகச் சொன்னாள். பேச்சில் நகரத்து மெருகு ஏறியிருந்தது. பழைய பேச்சு போய்விட்டதே என்று எனக்குள் ஒரு சின்ன வருத்தம் எட்டிப்பார்த்தது. அதற்குள் அவள் கைப்பேசி அடித்தது. எடுத்து, “எம்மா, வந்துட்டே இருக்கேன், சோத்த வடிச்சு வையி” என்றாள். எனக்கு ஒன்றும் போகவில்லை.